கோமதி அக்கா சொன்ன நாய்ப்படம்

1

கோமதி அக்கா இறந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. திதிக்கு முந்திய வாரம், இங்குள்ள கோயிலுக்கு அனுப்பவேண்டிய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேட்கும் கட்டத்தில் சகோதரி என்று எழுதியாயிற்று. அந்த நேரத்தில் என் மகள் அபர்ணா அச்சிட்ட இரண்டு தாள்களைச் சமையலறை மேசைமேல் வைத்து, காற்புள்ளிகளை மட்டும் பார்க்கும்படி சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

அவளுக்குப் பதினேழு வயது. இங்கே கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் மதிப்பெண்களோடு தங்களைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதி அனுப்ப வேண்டும். நான் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால் அவளுடைய பள்ளிக் கட்டுரைகளின் நிறுத்தக்குறிகள் சிறு வயதிலிருந்தே என் பொறுப்பு. கருத்துச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

கட்டுரை அக்காவைப் பற்றியது. அதன் சாரம் இது. சிறு குழந்தையாக இருந்தபோது அவளைத் திருவனந்தபுரத்தில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் அமெரிக்கா போனார்கள். அம்மா அங்கிருந்து ஒரு நாய்ப்படக் கேசட்டை அனுப்பினாள். அது ஓடவில்லை. தொலைக்காட்சியில் சாம்பல் கோடுகள் மட்டும் ஓடின. பெரியம்மா அந்தக் கோடுகளின் முன் உட்கார்ந்து ஒரு கதையைச் சொல்லி, இதுதான் படம் என்று நம்பவைத்தாள். பிறகு அமெரிக்கா வந்து உண்மையான படத்தைப் பார்த்தபோது, அதில் வரும் பெரியம்மா கொடுமைக்காரி என்று தெரிந்தது. தன்னைப் போன்ற ஒருத்தியைப் பற்றிய உண்மையை மறைக்கத்தான் அவள் கதையை மாற்றியிருக்கிறாள். இந்தியாவை விட்டு வந்ததும் பெரியம்மா அவளை மறந்துபோனாள். “இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தவள் என் அம்மா” என்று கட்டுரை முடிந்தது.

காற்புள்ளிகள் சரியாக இருந்தன.

கேசட் ஓடவில்லை என்பது அந்தத் தாளைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. மற்றபடி அதில் இருந்த தவறுகளுக்கு முழுக் காரணம் நான். திங்கட்கிழமைக்குள் அவள் அதை அனுப்ப வேண்டும். அதற்குள் உண்மையைச் சொன்னால் என் மகள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் அக்கா அந்தத் தாளில் இருக்கிறபடியே இருந்துவிடுவாள். பதில் சொல்ல அவள் இல்லை.

2

பெற்றோர் காலமான பிறகு திருவனந்தபுரத்துக் கரமனை அக்கிரகாரத்தில் எங்கள் வீட்டில் அக்கா தனியாக இருந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். காலை ஒன்பது மணிக்கு முன்பே கரமனை ஜங்ஷனில் பஸ் ஏறிவிடுவாள். மாலையில் கையில் ஒரு பொட்டலத்தோடு வருவாள். ஆபீஸில் மலையாளம், ஃபைலில் ஆங்கிலம், வீட்டில் எங்கள் தெருத் தமிழ் என்று மூன்றையும் குழப்பாமல் வைத்திருந்தாள். எனக்கு வாசிக்கும் பழக்கம் வந்தது அவள் சென்ட்ரல் லைப்ரரியிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களால்தான்.

என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது தொண்ணூறுகளின் நடுவில். அபர்ணாவுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. வீடு பார்த்து, நிலைகொண்டு, ஆறு மாதத்தில் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லி அவளை அக்காவிடம் விட்டேன். நான்காவது மாதம் அவர் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டது. வேறொருவர் வேலை கொடுத்தார். ஆனால் விசாவைப் புதிதாக மாற்றியாக வேண்டும். மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவது உறுதியில்லை என்றார் வக்கீல். குழந்தைக்குத் தனியாக விண்ணப்பித்தோம். ஒருமுறை புகைப்படத்தின் அளவு சரியில்லை என்று திருப்பினார்கள். மற்றொரு முறை காரணமே சொல்லவில்லை. ஆறு மாதம் மூன்று ஆண்டுகள் ஆயின.

அந்த மூன்று ஆண்டுகளில் அக்காவிடமிருந்து ஒரு குறையும் வந்ததில்லை. குழந்தைக்கு அம்மை போட்டதைக்கூடத் தழும்பு ஆறிய பிறகுதான் எழுதினாள். போனில் நான் அழுதால், “சாரமில்லடி. இங்க ஒண்ணும் ஆகல. நீ சமாதானமா இரு, கேட்டியா” என்பாள். சாரமில்லை என்றால் எங்கள் தெருவில் பரவாயில்லை என்று அர்த்தம்.

3

ஐந்தாவது பிறந்தநாளுக்கு அனுப்பியதுதான் அந்தக் கேசட். இரண்டு நாய்கள் காதல்கொள்ளும் பழைய சித்திரப் படம். இந்நாட்டில் தலைமுறைகளாகக் குழந்தைகள் பார்த்து வருவது. பெரிய கடையின் அலமாரியில் அதன் உறைதான் என்னை நிறுத்தியது. ஒரே தட்டின் இருபுறம் இரண்டு நாய்கள். நடுவில் ஏதோ இழை இழையான உணவு. பிரிக்காத புது உறை என்பதால் நான் பார்க்காமலே, ஊருக்குப் போன நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

இதில் மன்னிக்க முடியாத அசட்டுத்தனம் ஒன்று உண்டு. இங்கே வந்த முதல் மாதமே எங்கள் கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்த்து, படம் வராமல், இந்தியக் கேசட் அமெரிக்கப் பெட்டியில் ஓடாது என்று தெரிந்துகொண்டவள் நான். அதை மாற்றிக் கொடுக்கும் மளிகைக்கடைக்காரரிடம் வரிசையில் நின்றிருக்கிறேன். இங்கிருந்து போவதும் அங்கே ஓடாது என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே வாங்குவது எல்லாம் எங்கேயும் ஓடும் என்று நினைக்கிற வயதில், அந்த மயக்கத்தில் இருந்தேன். எங்களைப் போன்ற பலரும் அப்படித்தான் இருந்தார்கள்.

அபர்ணாவின் கட்டுரையிலிருந்து மிச்சத்தை அறிகிறேன். அக்கா அந்தக் கேசட்டுக்காகவே ஒரு பழைய வீடியோ டெக்கை விலைக்கு வாங்கினாள். படம் வராததும், டெக்கையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விற்ற கடைக்கே போனாள். கடைக்காரர் கேசட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது அமெரிக்கக் காசெட்டாணு சேச்சி. இவிடெ ஓடில்ல” என்றார். வீட்டுக்கு வந்ததும் அக்கா குழந்தையை மடியில் இருத்தி, “அம்மாகிட்ட சொல்லாத. அவ கஷ்டப்படுவா” என்றாள். ஐந்து வயதில் கொடுத்த அந்த வாக்கைப் பதினேழு வயதுவரை என் மகள் காப்பாற்றியிருக்கிறாள்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் டெக் ஓடியது. திரையில் சாம்பல் கோடுகள் கீழிருந்து மேலாக உருண்டன. குரல்கள் மட்டும் கேட்டன. அக்கா உறையைக் கையில் வைத்துக்கொண்டு கதை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் கூப்பிடும்போது, அபர்ணா அந்தக் கதையைப் போனில் எனக்குச் சொல்வாள். நாய்கள் ஹோட்டல் கொல்லைப்புறத்தில் ஒரே இலையில் சேவை சாப்பிட்டன என்று ஒருமுறை சொன்னாள். உறைப்படத்து இழை உணவுக்குக் குழந்தை எங்கள் வீட்டு இடியாப்பத்தின் பெயரை வைத்திருக்கிறது என்று நினைத்து நானும் கணவரும் வெகுநேரம் சிரித்தோம். அப்பாவும் அம்மாவும் வெளியூர் போயிருந்தபோது பெரியம்மா நாயை வாசலில் விடவில்லை என்றும், மழைக்கு முன்பே உள்ளே கூப்பிட்டுத் துடைத்துவிட்டாள் என்றும் சொன்னாள். படம் பிடித்திருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

4

ஆறு வயது முடிந்து அபர்ணா இங்கே வந்தாள். அக்காவின் ஆபீஸ் தோழியின் குடும்பம் அழைத்து வந்தது. விமான நிலையத்தில் அவள் அவர்கள் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கைநீட்டியபோது, “அமெரிக்கா அம்மாவா?” என்று அவர்களைக் கேட்டாள்.

பள்ளியில் சேர்த்தபோது வீட்டுமொழி என்று ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். தமிழ் என்று எழுதினேன். ஆங்கிலம் தெரியாத குழந்தைகளைச் சோதிக்கிற அலுவலர் போன் மூலம் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார். மதுரைப் பக்கத்துப் பெண்மணியாக இருக்க வேண்டும். அபர்ணா அவரிடம் கரமனைப் பள்ளிக்கூடத்து மலையாளத்தில் பதில் சொன்னாள். பயத்தில் அதுதான் வந்தது. இந்தக் குழந்தை பேசுவது தமிழே இல்லை என்று அந்த அம்மாள் அறிவித்துவிட்டார். நான் பெற்ற குழந்தையின் மொழியை நானே தவறாக எழுதிவிட்டேன் என்று ஒரு குறிப்பு கோப்பில் ஏறியது. அதை நீக்க இரண்டு மாதம் அலைந்தேன்.

வீட்டில் தினமும் ஒரே வேண்டுகோள். பெரிம்மாகிட்ட போகணும். சாப்பாட்டில், குளியலில், தலைபின்னுவதில், பெரிம்மா செய்கிற மாதிரி நான் எதையும் செய்யவில்லை. நான் பிசைந்த சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். மூன்று ஆண்டுகள் இந்தக் குழந்தைக்காக அழுதவள் நான். வந்தபின் அவள் வேறொருத்திக்காக அழுதாள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது: எனக்கு அக்காமேல் கோபம் வந்தது.

அந்தக் குளிர்காலத்தில், அவளுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று நூலகத்திலிருந்து அதே நாய்ப்படத்தை எடுத்து வந்தேன். நானும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். நல்ல வீட்டில் வளரும் ஒரு பெண்நாய். கழுத்துப் பட்டையில் உரிமத் தகடு. வீட்டில் குழந்தை பிறக்கிறது. எஜமானனும் எஜமானியும் ஊருக்குப் போகிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள எஜமானியின் பெரியம்மா வருகிறாள். வந்தவள் நாயை அடித்து விரட்டி, வாய்க்குப் பூட்டுப் போடுகிறாள். நாய் தெருவுக்கு ஓடுகிறது. அங்கே வீடற்ற ஆண்நாய். தகடு இல்லாத நாய்கள் அடைபட்டிருக்கிற கூடம் ஒன்றும் வருகிறது. அங்கிருந்து ஒரு நாய் கடைசிக் கதவு வழியாக அழைத்துப்போகப்படுகிறது. விசா அலுவலகங்களின் நாற்காலி வரிசைகளில் உட்கார்ந்து பழகிய எனக்கு அந்த இடம் சிரமமாக இருந்தது. உறையில் காதல் கதை என்று போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதை ஒருவரும் காதல் கதையாகப் பார்த்ததில்லை.

வாய்ப்பூட்டுக் காட்சியில் அபர்ணா எழுந்து நின்றுவிட்டாள். இது அந்தப் படம் இல்லை என்றாள். இதே படம்தான் என்று உறையைக் காட்டினேன். அவள் என்னிடம் திரும்பிக் கேட்டாள்.

“பெரிம்மா இப்படிப் பண்ணமாட்டாளே?”

பண்ணமாட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அது கதை, நம் பெரியம்மா வேறு என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

“பெத்தவா இல்லாத ஆத்துல இப்படித்தான் ஆகும். உனக்குத் தெரியக்கூடாதுன்னு பெரிம்மா வேற மாதிரி சொல்லியிருக்கா. அதனாலதான் அம்மா உன்னை இங்க அழைச்சுண்டேன்.”

பொய் என்று தெரிந்தே சொன்னேன். அன்று முதன்முறையாக அவள் என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள்.

5

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் போன் பேச்சுகளில் அபர்ணா வருவது குறைந்தது. முதலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடினாள். பிறகு கூப்பிட்டாலும் வரவில்லை. நான் வற்புறுத்தவில்லை. குழந்தை எங்கே என்று அக்கா கேட்பாள், விளையாடறா என்பேன். “விளையாடட்டும். சாரமில்ல” என்பாள். அபர்ணா ஏதாவது கேட்டால், பெரிம்மாவுக்கு ஆபீஸில் வேலை அதிகம் என்பேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வார்த்தை. இதைப் பத்து ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

அக்கா ஓய்வுபெற்ற வருடம் இங்கே வர விரும்பினாள். எதையும் கேட்காதவள் அதை மட்டும் கேட்டாள். ஒரு மாதம் இருந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். அழைப்புக் கடிதம் நான்தான் எழுத வேண்டும். குழந்தையை மூன்று ஆண்டுகள் வளர்த்தவர் என்று சேர்த்தால் நல்லது என்றார் கணவர். சேர்க்கவில்லை. தங்கையைப் பார்க்க வருகிறார் என்று மட்டும் எழுதினேன்.

இரவு ரயிலில் சென்னைக்குப் போய், விடிந்ததும் தூதரக வரிசையில் நின்றாளாம். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர், நீங்கள் திரும்பி வருவதற்காக இங்கே காத்திருப்பவர் யார் என்று கேட்டாராம். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. கரமனையில் வீடு இருக்கிறது என்று அக்கா சொன்னாள். விசா மறுக்கப்பட்டது. “என்னைப் பாத்தா இங்கயே இருந்துடுவேன்னு தோணித்து போல இருக்கு அவனுக்கு. எனக்கே சிரிப்பு வந்துடுத்து” என்று போனில் சொன்னாள். நான் வருத்தப்பட்டேன். நிம்மதியும் அடைந்தேன்.

சென்ற ஆண்டு, பால் கொண்டுவருகிறவர் அழைத்தும் கதவு திறக்கவில்லை. அபர்ணாவுக்குத் தேர்வுகள் இருந்ததால் நான் மட்டும் போனேன். வீட்டைக் காலி செய்தபோது அலமாரியில் ஒரு டெக்கும் நாலைந்து கேசட்டுகளும் இருந்தன. அபர்ணா போனபிறகும் அக்கா ஏன் இவற்றை வைத்திருந்தாள் என்று யோசித்தபடியே அவற்றைப் பழைய சாமான் எடுக்கிறவரிடம் போட்டேன்.

6

அபர்ணா சனிக்கிழமைகளில் நகராட்சியின் நாய்க் காப்பகத்தில் தொண்டு செய்கிறாள். உரியவர் தேடி வராத நாய்களைக் குளிப்பாட்டி நடத்திக்கொண்டு போவது அவள் வேலை. நாயைத் தொட்டால் குளிக்கவேண்டும் என்று வளர்ந்த நான் காரிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் காத்திருந்தேன். கட்டுரை என் கைப்பையில் இருந்தது.

திரும்பி வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்தியபின் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காதே என்றேன்.

முதலில் கேசட்டைப் பற்றிச் சொன்னேன். அது ஏன் ஓடவில்லை என்று சொன்னேன். பெரியம்மாவுக்கு ஆபீஸ் ஆங்கிலம் எழுதவும் படிக்கவும் தெரியும், படத்து அமெரிக்கப் பேச்சு பிடிபடாது என்றேன்.

“பெரிம்மா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்ல அபர்ணா. அதுல என்ன வரதுன்னே அவளுக்குத் தெரியாது. கையில இருந்தது அட்டை மட்டுந்தான். அப்பா அம்மா எங்கன்னு நீ கேட்டிருப்ப. வெளியூர் போயிருக்கான்னு சொல்லியிருப்பா. ஆத்துல யாருன்னு கேட்டிருப்ப. அவளையே சொல்லியிருக்கா. எதையும் மாத்தல. அவளுக்குத் தெரிஞ்ச பெரிம்மா அவ ஒருத்திதான்.”

அபர்ணா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் நாய்ச் சோப்பின் வாசனை. நான் நிறுத்தியிருக்கலாம், அதுவரை யாருடைய குற்றமும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் நான் சொன்னதையும், அது பொய் என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அழைப்புக் கடிதத்தில் எழுதாததையும் சொன்னேன்.

அவள் கேட்டாள்.

“அவ என்னைப் பத்திக் கேப்பாளா?”

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்.”

“நீ என்ன சொல்லுவ?”

“நீ விளையாடறேன்னு.”

“பதினாறு வயசுலயுமா?”

“ஆமாம்.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபித்தால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் என் பையிலிருந்து தாள்களை எடுத்தாள். அவற்றின் பின்பக்கத்தைத் தொடைமேல் விரித்துவைத்துப் பேனாவைத் திறந்தாள். விண்ணப்பம் வாங்குகிற அலுவலரின் நிதானம் அவள் குரலில் இருந்தது. பெரியம்மாவின் கதையில் கடைசியில் என்ன நடக்கும் என்று கேட்டாள். தனக்குச் சின்னச் சின்னத் துண்டுகள்தாம் நினைவிருக்கின்றன. உண்மையான படத்தைப் பார்த்தபின் மற்றவை கலைந்துவிட்டன என்றாள்.

எனக்கு நினைவிருந்தவற்றைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். அரைப் பக்கம்கூட வரவில்லை.

“அப்பறம்?”

“தெரியலடா.”

“உன்கிட்ட சொன்னேனேம்மா. போன்ல. வாராவாரம் முழுக்கச் சொன்னேன்.”

“சொன்ன.”

“நீ கேக்கலயா?”

அந்தக் காலத்துத் தொலைபேசி அட்டையில் நிமிடங்கள் கரைந்துகொண்டிருக்கும். அவள் கதை சொல்லும்போது நான் கடிகாரத்தைப் பார்த்திருப்பேன்; எடை கூடியதா, இருமல் போயிற்றா என்று அக்காவிடம் கேட்கவேண்டியவற்றை மனத்தில் அடுக்கிக்கொண்டிருப்பேன். குழந்தையின் குரலைக் கேட்டேன். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. இதையும் சொன்னேன். அவள் பேனாவை மூடிவிட்டு உள்ளே போனாள்.

7

அந்தக் கட்டுரையை அபர்ணா அனுப்பவில்லை. காப்பகத்து நாய்களைப் பற்றி வேறொன்று எழுதி அனுப்பியதாக அவள் அப்பா சொன்னார். காற்புள்ளி பார்க்க என்னிடம் வரவில்லை. தேவையானவற்றை என்னோடு பேசுகிறாள், பெரும்பாலும் ஆங்கிலத்தில், மரியாதையாக. வியாழக்கிழமை திதிக்குக் கோயிலுக்கு வந்தாள். அர்ச்சகர் படிவத்தைப் பார்த்துப் பெயரையும் உறவையும் வாசித்தபோது வெளியே போய் நின்றாள்.

அதற்கு மறுநாள், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே ஒன்று சொன்னாள். சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் டெக் முன்னால் வந்து உட்காருவார்கள், பக்கத்து வலியசாலையிலிருந்து எங்கள் தெருவில் பாட்டு வகுப்புக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களும் உண்டு, பெயர்கள் நினைவில்லை. அவர்களும் கோடுகளைப் பார்த்தபடி முழுக் கதையையும் கேட்டவர்கள்.

நான் இதுவரை இந்தப் பத்திரிகையில் எழுதிய குறிப்புகளை வேறு நோக்கங்களுக்காக எழுதினேன். இதை அவர்களுக்காக எழுதுகிறேன். இப்போது அவர்களுக்கு இருபது வயதாவது இருக்கும்; கல்யாணமாகிப் போயிருக்கலாம், என்னைப் போலக் கடல் கடந்தும் இருக்கலாம். கரமனையில் கோமதி மாமி வீட்டில், தொண்ணூறுகளில், ஓடாத நாய்ப்படத்தைக் கேட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், தெரிந்ததைப் பத்திரிகைக்கு எழுதுங்கள். ஒழுங்காக எழுதவேண்டும் என்பதில்லை. அப்பா அம்மா திரும்பி வந்தார்களா, அந்த நாய் அப்போது யாரிடம் போயிற்று என்று மட்டும் சொன்னால் போதும். என் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.